சட்டையைத் துவைத்தது யார்?

மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பொழுது போகாமல் வருகிறவன் முதல் மாடியிலேயே மனம் மாறிவிடுவான். மனைவியைச் சந்தேகப்படுகிறவன் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்று, இவ்வளவு பாடுபட்டா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யோசித்துத் திரும்பிவிடுவான். கடைசிப் படிவரை ஏறி வருகிறவர்களுக்கு நிஜமாகவே வேறு போக்கிடம் இருக்காது.

அன்று காலை ஏறி வந்தவள் அந்த ரகம். முப்பது வயதிருக்கும். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள், யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல.

ரேடியோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாய் ஓயாத குணத்தைப் பார்த்து ஊர் வைத்தது. அதை அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவனுடைய முதலாளியம்மா. காப்பீட்டு நிறுவனத்தில் பாதி ஆயுளைக் கழித்து, செத்துப்போனதாக எழுதிக் கொடுத்தவர்களை எல்லாம் உயிரோடு கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து நிறுத்தியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மேடம். ரேடியோவுக்கும் மேடம். ஒரு புருவத்தை உயர்த்தினால் போதும், ரேடியோ நின்றுவிடும்.

வந்தவளின் கதை இது. அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். சில மாதமாக வயிற்றுவலி, சோர்வு, சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்குக் குழந்தைக்குத் தெரியவில்லை. பத்துவரை எண்ணியவள் நான்கோடு நின்று அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். ரத்தத்தைச் சோதித்தார்கள். ஈயம். மருத்துவமனையில் படுக்கவைத்தால் இறங்குகிறது, வீட்டுக்கு வந்தால் மறுபடி ஏறுகிறது.

அவள் கணவன் பேட்டரித் தொழிற்சாலையில் ஈயத்தகடு வார்க்கிறவன். தொழிற்சாலையிலிருந்து வந்திருக்குமோ என்று டாக்டரும் கேட்காமலில்லை. ஆனால் அவன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான், கம்பெனி முத்திரையோடு. எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் குடியையும் சிகரெட்டையும் ஒரே நாளில் விட்டான். அன்றிலிருந்து அவன் ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டே வருகிறது. அப்பன் உடம்பிலேயே குறைகிறபோது பிள்ளைக்கு அங்கிருந்து எப்படி வரும்? டாக்டருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நியாயந்தான் என்று தலையாட்டிவிட்டார்.

அப்படியானால் யார்? அந்த வீட்டில் புகைபிடிக்கிறவன் இன்னொருவன் இருந்தான். அவளுடைய தம்பி. வேலை போய், பின்பக்க அறையில் ஒண்டிக்கொண்டிருந்தவன். சிகரெட் புகையில் உலோகங்கள் உண்டு என்று கம்பெனிக் கூட்டத்தில் கணவன் கேட்டிருந்தான். போன மாதம் மச்சானின் பையைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டான்.

"தம்பி போன அப்புறம் குறைஞ்சுதா?" என்று மேடம் கேட்டார்.

"கூடியிருக்கு. அதுக்கு அவர், சுவத்துல படிஞ்ச புகை இன்னும் போகலங்கறார். நேத்து பின் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சார்."

தம்பியைப் பற்றி மேடம் மேற்கொண்டு கேட்கவில்லை. பொழுது விடிந்ததிலிருந்து படுக்கிறவரை வீட்டில் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். யாரும் கேட்காத விஷயங்களைக் கேட்டதில் அவளுக்கே கொஞ்சம் நிம்மதி. சமையல், பாத்திரம், குழந்தைக்கு மருந்து, துணி. துணியில் வந்தபோது ஒரு பெருமூச்சு விட்டாள். முன்னெல்லாம் அவர் வேலைச் சட்டையைக் கம்பெனியிலேயே துவைத்துக் கொடுத்துவிடுவார்கள், அதையும் நிறுத்திவிட்டார்கள், இப்போது அதுவும் தன் தலையில்தான் என்றாள்.

"எப்ப நிறுத்தினாங்க?"

"அவர் குடிய விட்டாரே, அந்தச் சமயம்தான்."

"திருந்தினவனுக்குக் கம்பெனி கொடுத்த பரிசு போல," என்றான் ரேடியோ. மேடத்தின் புருவம் உயரவில்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியம். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, எதிர் மாடியில் யாரோ உதறிக்கொண்டிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை வழியனுப்பக் கீழே போன ரேடியோ, தெருவோரம் நின்ற ஆளைப் பார்த்தான். இளைத்த உடம்பு, முழங்கால் தேய்ந்த பேண்ட். தம்பி. மேலே ஏன் வரவில்லை என்று ரேடியோ கேட்டதற்கு, குற்றவாளி எதற்குச் சார் சாட்சியோடு வரணும் என்றான் அவன். வேடிக்கைக்குச் சொன்னதாக முகத்தில் தெரியவில்லை.

"ஜன்னலத் தொறந்து வெச்சுதான் பிடிப்பேன். ஆனா முடிச்சதும் ஓடி வந்து முதுகுல ஏறிக்குவா. எறக்கி விட மனசு வராது. நான்தான் சார். எனக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சிகரெட்ட விட்டுட்டேன். அவளுக்குச் சரியாகணும்னா இன்னும் எத விடணும்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. ஊர விடணும்னாலும் விட்டுடறேன்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற ரேடியோ, அவனுக்குத் தேநீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டான்.

*

முதலில் மருத்துவமனை. குழந்தைகள் பிரிவில் இதே ஈயத்தோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருப்பதாகத் தாதி சொன்னாள். ஒன்று, முன்பற்கள் விழுந்த ஒரு பையன். கையில் ஊசி குத்தியிருந்த நிலையிலும் ரேடியோவைப் பார்த்து நாக்கை நீட்டினான். ரேடியோவும் நீட்டினான். இன்னொன்று, அவனுக்கு அடுத்த கட்டிலில், கன்னத்தில் மிளகளவு மச்சத்தோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்.

அடுத்தது தொழிற்சாலை. உள்ளே போக மேடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உங்கள் சாதனையைக் கேள்விப்பட்டு வந்தோம் என்றார், அவ்வளவுதான். தற்பெருமைக்காரன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஏது? நல்வாழ்வு அதிகாரி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அவருடைய முழுப் பதவி கதவில் எழுதியிருந்தது. பணியாளர் நல்வாழ்வு மற்றும் மனமாற்றப் பிரிவின் தலைமை ஒருங்கிணைப்பாளர். கதவு அகலம் போதாமல் கடைசிச் சொல் சுவரில் தொடர்ந்தது.

அறைக்குப் புதுவாழ்வு மண்டபம் என்று பெயர். குளிர்சாதனம், கண்ணாடி மேசை, மேசைமேல் பிளாஸ்டிக் நுரையீரல் ஒன்று. பாதி ரோஜா நிறம், பாதி கறுப்பு. அதிகாரி கறுப்புப் பாதியைத் தடவிக்கொண்டே பேசினார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். அதை எரித்து இழுக்கிறவன் உலோகத்தையே இழுக்கிறான். ஈயத்தூள் படிந்த விரலால் சிகரெட்டைப் பிடித்தால் தூள் நேரே உதட்டுக்குப் போகும். குடிக்கிறவர்கள் ரத்தத்திலும் ஈயம் கூடுதலாகவே இருக்கிறது. ஆகவே தொழிலாளியின் உடம்பில் ஈயம் ஏறினால் அதற்குக் காரணம் தொழிற்சாலை அல்ல, தொழிலாளியின் பழக்கம். ரேடியோவுக்கு எரிச்சல் என்னவென்றால், கடைசி வாக்கியம் நீங்கலாக மற்றதெல்லாம் உண்மை. முழுப்பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போகலாம். முக்கால் உண்மையை என்ன செய்வது?

அது போதாதென்று அவன் நாற்காலி வேறு நகர்ந்துகொண்டே இருந்தது. சக்கரம் வைத்த நாற்காலி. காலை ஊன்றாவிட்டால் தானாகவே மூலையைப் பார்த்துப் போயிற்று. இரண்டு முறை இழுத்து வந்தான். மூன்றாம் முறை கையிலிருந்த பேனா விழுந்து, அதுவும் அதே மூலைக்கு உருண்டு, ஒரு பெரிய பூந்தொட்டிக்கு அடியில் போய் நின்றது. மண்டியிட்டு எடுக்கப் போனவன் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை.

"மேடம், தொட்டிக்குக் கீழ இரும்புச் சல்லடை இருக்கு. தண்ணி போற வழி. இந்த ரூம் மொத்தமும் இந்த மூலையப் பாத்துதான் சரிஞ்சிருக்கு."

"முன்னால இங்க என்ன இருந்தது?" என்று மேடம் அதிகாரியைக் கேட்டார், நுரையீரலைப் பாராட்டுகிற அதே குரலில்.

அதிகாரிக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, பெருமைதான். பழைய குளியல் கொட்டகை, மூடிச் சில வருஷமாயிற்று என்றார். ஷிப்ட் முடிந்ததும் ஆட்கள் வரிசையில் நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் விரயம், தண்ணீர் விரயம். இப்போது எல்லோருக்கும் நவீன முகமூடி கொடுத்தாயிற்று. உலோகம் உள்ளே போனால்தானே வெளியே கழுவ வேண்டும் என்று சொல்லித் தானே சிரித்தார். வேலைச் சட்டைகளைக் கம்பெனி துவைத்துக் கொடுத்ததுண்டா என்று மேடம் கேட்டதற்கு, நாங்கள் என்ன சலவைக்கடையா நடத்துகிறோம் என்றார். என்றைக்குமே கிடையாதாம்.

என்றைக்குமே கிடையாது. அப்படியானால் அவள் வீட்டுச் சட்டையை அத்தனை வருஷம் துவைத்தது யார்?

மேடம் பதிலுக்கு அவசரப்படவில்லை. சுவருக்கு முன்னால் போய் நின்றார். அதில் வரிசையாகப் படங்கள். மேலே தங்க எழுத்தில் 'புதிய மனிதர்கள்'. குடியும் புகையும் விட்டவர்கள், சட்டையில் பித்தளைப் பதக்கத்தோடு. சிலர் தனியாக, சிலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு. படம் எடுக்கும்போது பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னது தன் யோசனை என்றார் அதிகாரி. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நெகிழும்.

ரேடியோ மூன்றாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டான். பதக்கம் குத்திய ஒரு தகப்பன் தோளில், முன்பற்கள் இல்லாத ஒரு பையன், காமிராவைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். இரண்டு படம் தள்ளி இன்னொரு தகப்பன். அவன் இடுப்பில் கன்னத்து மச்சம். கடைசியில், கீழே எழுதியிருந்த பெயரின்படி, காலையில் வந்தவளின் கணவன், பளபளவென்று, கழுத்தைக் கட்டிக்கொண்ட மகளோடு.

குடிக்காதவர்களின் சுவர் அது. ஈயம் ஏறிய மூன்று பிள்ளைகளும் அந்தச் சுவரில்தான் இருந்தார்கள்.

"உங்க ஆளுங்க குடிக்கிறதுன்னா எங்க போய்க் குடிப்பாங்க?" என்று மேடம் கேட்டார்.

அதிகாரி முகத்தைச் சுளித்து, ஜன்னல் வழியாகச் சாலையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

*

பகலில் மதுக்கடை ஒப்பனை கலைத்த நாடகக்காரன்போல இருந்தது. ஆனால் நாற்காலிகள் மட்டும் ராஜசபைக்கு உரியவை. வெள்ளை மெத்தை, வெள்ளை உறை. கடைக்காரர் ஒரு நாற்காலிக் கைப்பிடியை மகன் தலையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ நாற்காலியைப் புகழ்ந்தான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது; மடை திறந்துவிட்டது. வாங்கிப்போட்ட புதிதில் பேட்டரிக் கம்பெனி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்களாம். எழுந்துபோனபோது ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு கறுப்பு ஆள் உட்கார்ந்திருந்தானாம். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். இது நீதிமன்றச் சட்டம் மாதிரி இல்லை, மீறினால் சரக்குக் கிடையாது.

"பின்னாடி குழாய் இருக்கு. தலையோட குளி, வீட்டுச் சட்டைய மாத்து, அப்புறம் உள்ள வந்து உக்காரு. வேலைத் துணிய வெளியிலேயே கழட்டிப் போட்டுடணும். மேசைத்துணியோட சேத்து நானே மிஷின்ல போட்டுடுவேன். இல்லன்னா நாறிக்கிட்டே தொங்கும்."

சட்டையைத் துவைத்தவர் யார் என்பது தெரிந்துவிட்டது. ரேடியோ மேடத்தைப் பார்த்தான். சந்தோஷப்பட வேண்டிய இடம். அவர் முகத்தில் அது இல்லை.

பின்கட்டில் குழாயடி. சோப்பு தேய்ந்து கண்ணாடிபோலச் சப்பையாகக் கிடந்தது. சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒருவன் காலையில் மாற்றிவிட்டுப் போன வீட்டுச் சட்டை, மாலைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஓரத்து ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை, தோளில் தூசி படிந்து. அது யாருடையது என்று கேட்டதற்குக் கடைக்காரர் குரல் மாறியது. நல்ல மனிதர் என்றார். ஒருநாள் கணக்கெல்லாம் தீர்த்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிப் போனாராம். மகளுக்கு முத்தம் கொடுக்கப் போயிருக்கிறார். உன் வாய் நாறுது, வேண்டாம் என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். இங்கே உட்கார்ந்து அதைச் சொல்லி அழுதிருக்கிறார். சட்டையைக் கொண்டுபோகச் சொன்னதற்கு, இனி இங்கே நிற்கவே போவதில்லை, நேரே வீட்டுக்குத்தான் என்றாராம்.

"வேற யாரும் இப்படி விட்டுட்டுப் போனாங்களா?"

"ரெண்டு மூணு பேர். எனக்கு நஷ்டம்தான். ஆனா புள்ளகுட்டிக்காரங்க, நல்லா இருக்கட்டும்."

கடைக்காரர் உள்ளே போனதும் ரேடியோ குழாயடிக் கல்லில் உட்கார்ந்தான். ஊரின் மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு குடிக்கடைக்காரரின் நாற்காலி ஆசை. பதக்கம் குத்திப் பெருமைப்பட்டதோ அந்த அதிகாரி. இதை வைத்து ஒரு வாரத்துக்கு ஜோக் சொல்லலாம். வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை.

"அவர் ரத்தத்துல ஈயம் குறைஞ்சுது, நெஜம்," என்றார் மேடம், அந்தச் சட்டையைப் பார்த்தபடி. "கையில இருந்த தூள் சிகரெட்டோட வாய்க்குப் போறது நின்னுடுச்சு. அந்த அதிகாரி சொன்னது சரி. ஆனா கையில தூள் இருந்துதே, அது எங்க போச்சுன்னு அவர் கேக்கல."

ரேடியோவுக்குத் தெரிந்தது. குடித்த காலத்தில் குளித்துத் துவைத்த சட்டையோடு வீட்டுக்குப் போனவன், திருந்திய பிறகு வேலைச் சட்டையோடு, தலை நிறையத் தூளோடு, வழியில் எங்கும் நிற்காமல் நேரே போனான். ஓடி வந்த பிள்ளையைத் தூக்கினான். அந்தச் சட்டை வீட்டிலேயே துவைக்கப்பட்டது, பிள்ளையின் பாவாடைகளோடு. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலிக்கே அது தெரியாது.

"அவர்கிட்ட சொல்லாம இருக்க முடியுமா மேடம்?"

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

*

வீடு சிறியது, சுத்தமானது. பின்னறையிலிருந்து புதுச் சுண்ணாம்பின் வாடை வந்தது. குழந்தை கூடத்தில் உட்கார்ந்து பொம்மைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்றாள். பொம்மையைத் திட்டினாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். தம்பி உள்ளே வரவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமா வரக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்று குழந்தையே ரேடியோவுக்கு விளக்கினாள். கேட்டுக்கு வெளியே நின்றால் பரவாயில்லையாம்.

மேடம் குழந்தையின் தாயிடம் சமையலறையில் வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, அலங்கரிக்கவும் இல்லை. உன் தம்பி காரணமில்லை என்று முதலில் சொன்னார். அவள் முகம் மலர்ந்த அந்தக் கணத்தை ரேடியோ பார்க்காமலிருக்க விரும்பினான். ஏனென்றால் அடுத்தது வந்தது.

பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான்தான் சொன்னேன். எங்கயும் நிக்காதீங்க, நேரா வீட்டுக்கு வாங்கன்னு. சத்தியம் வாங்கினேன்." சற்றுப் பொறுத்து, "குடிச்சிட்டு வர்றவருக்கு வெள்ளச் சட்ட ஒரு கேடான்னு திட்டுவேன்," என்றாள்.

அதன் பிறகு மன்றாடினாள். அவரிடம் சொல்ல வேண்டாம். ஏதாவது காரணம் சொல்லிக் குளிக்கவைக்கிறேன், துணியைத் தனியாகத் துவைக்கிறேன், தரையைத் தினம் கழுவுகிறேன். அவருக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சமையலறை ஜன்னல் கேட்டுப் பக்கம் திறந்திருந்தது. தம்பி கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

"அக்கா சொல்றது சரிதான் மேடம். காரணம் நானாவே இருந்துட்டுப் போறேன். எனக்குப் பழகிடுச்சு. மாமா திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவேன். அவரால இத மறக்க முடியாது."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவெடுக்கச் சிரமமான இடங்களில்தான் அவர் அப்படிச் செய்வார். பிறகு, மருத்துவமனையில் இன்னும் இரண்டு குழந்தைகள் இருக்கின்றன, அவர்கள் அப்பாக்களும் இன்றைக்குச் சாயங்காலம் நேரே வீட்டுக்குத்தான் போவார்கள் என்றார். அந்தக் கொட்டகையை மூடியவர்களைச் சும்மா விடப்போவதில்லை. அது நாலு பேருக்குத் தெரியும்போது இவருக்கும் தெரியத்தான் செய்யும். ஊர் வாயால் தெரிவதைவிட இந்த வீட்டில் வைத்துத் தெரியட்டும் என்றார். தப்பு உன்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை என்றும் சொன்னார். உண்மைதான். அந்த உண்மையால் அந்தச் சமையலறையில் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் அளவுக்குக்கூடப் பயன் இருக்கவில்லை.

கேட் கிறீச்சிட்டது. தம்பி ஒதுங்கிக்கொண்டான். அவன் பக்கம் திரும்பாமல் உள்ளே வந்தான் தகப்பன். படத்தில் இருந்ததைவிட ஒல்லி. தலைமுடியிலும் புருவத்திலும் சாம்பல் நிறம், சட்டையில் பதக்கம். வேலை முடிந்து வருகிறவனின் களைப்பு வாசல்படியில் உதிர்ந்துவிட்டது.

"எங்க என் ராஜாத்தி?"

குழந்தை பொம்மையைப் போட்டுவிட்டு எழுந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். அவனும் குனிந்து கையை விரித்தான்.

"தொடாத," என்றாள் மனைவி.

சத்தம் போடக்கூட இல்லை. ஆனால் குரலில் இருந்த ஏதோ ஒன்று குழந்தையை நடு ஓட்டத்தில் நிறுத்திவிட்டது. அவன் விரித்த கையோடு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அறிமுகமில்லாத இருவரைப் பார்த்தான். அவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் குடிக்கலடி. சத்தியமா." ஒரு அடி முன்னால் வந்தான். "வேணும்னா ஊதிக் காட்டறேன், பாரு."

ஊதினான். எல்லோருக்கும் முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைபோல, கன்னம் உப்ப. மகள் பக்கமும் குனிந்து ஊதினான். வாசம் எதுவும் இல்லை என்று அவளாவது சொல்லுவாள் என்று நின்றான்.

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மேடம் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ போய் அவன் தோளில் கை வைத்தான். வாங்கண்ணே, முதலில் குளிங்க, நான் சொல்லுறேன் என்றான். கொல்லைக் குளியலறைவரை கையை எடுக்கவில்லை. அங்கே, வாளி நிறைகிற சத்தத்துக்கு நடுவே, எல்லாவற்றையும் சொன்னான். வாழ்க்கையில் அவ்வளவு குறைவான சொற்களில் அவன் எதையும் சொன்னதில்லை. அந்த மனிதன் கேட்டு முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தண்ணீர் விழுகிற சத்தம் தொடங்கியது. நிற்கவே இல்லை. வாளி காலியாகும், நிறையும், காலியாகும். இடையிடையே எதையோ கல்லில் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். துணியா உடம்பா என்று தெரியவில்லை. மனைவி கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை.

குழந்தைதான் வந்து தட்டினாள். அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"அப்பா, போதும். வெளிய வா. வாய் நாறலப்பா."

உள்ளே தண்ணீர் நின்றது. ஈரம் சொட்டும் சத்தம் மட்டும். அவள் மறுபடியும் தட்டினாள், இந்த முறை உள்ளங்கையால்.

"மச்சான் வெளியில நிக்கிறானா?" என்று குரல் வந்தது.

ரேடியோ கேட்டைத் திறந்துவிட்டிருந்தான். தம்பி நடையில் வந்து நின்றான். "இருக்கேன் மாமா."

"பாப்பாவத் தூக்கிக்கடா," என்றான் அவன் கதவுக்குப் பின்னாலிருந்து. "என் கையி இன்னும் சுத்தமாகல."